புகை சுழன்ற இடம்

“இன்ஜின் வரைபடத்துல என் பேரு வரணும் சார்.”

எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்காதே என்று வேலையில் சேர்ந்த அன்றே மாரிக்கனியிடம் சொல்லியிருந்தார்கள். அதிகாரி ரகோத்தமன் சிரித்தார். “உங்க வீட்டுலயே நீதான் முதல் டிகிரி. வேலை கெடச்சதே பெருசு. அதுக்குள்ள பேரு கேக்குதா?”

மேசைமேல் இருந்த சிலிண்டர் ஹெட்டுக்குள், இன்ஜினின் அந்த மேல்மூடிக்குள், காற்று போகும் விதம் கண்ணுக்குத் தெரிய வெண்புகை நுழைந்துகொண்டிருந்தது. உள்ளே, காற்றுவழி வளையும் இடத்தில், அவள் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிய களிமண் துண்டு. இரண்டு வருஷச் சோதனைகளில் நேராக விழுந்துகொண்டிருந்த புகை இன்று அதில் உரசித் திரும்பி, கீழே கண்ணாடிக் குழாய்க்குள், உறக்கத்தில் புரளும் பிராணியைப் போல இறங்க மனமில்லாமல் சுழன்றது. இப்படிச் சுழன்றால்தான் பெட்ரோல் முழுசாக எரியும். ரகோத்தமனும் பேச்சை மறந்து அதையே பார்த்தார்.

“எப்படிம்மா செஞ்ச?”

“பேரு போடுவீங்களா?”

“என் பேருலதாம்மா போகும். அதான் வழக்கம்.”

மாரிக்கனி உள்ளே விரலை விட்டுக் களிமண்ணைப் பிய்த்தெடுத்தாள். அவள் ரேகை அதில் அப்படியே இருந்தது. புகை ஒரு கணம் தயங்கி, பழையபடி நேராக விழுந்தது.

“ஏய், அந்த மண்ணோட அளவே இன்னும் எடுக்கலையேம்மா!”

களிமண்ணைப் பொத்திய கையோடு கதவைத் தள்ளி அவள் வெளியே நடந்தாள்.