கீறல் விழாத தாடை

கோயம்புத்தூர் அடுக்ககத்தில் தன் படுக்கையறையில் கணினித் திரைமுன் உட்கார்ந்தபடி, வட துருவக் கடலின் அடியில் கேபிள் புதைக்கும் எந்திரத்தைப் பூபதி ஓட்டிக்கொண்டிருந்தான். எந்திரம் மணலைக் கிளறினால், உள்ளே பதுங்கியிருக்கும் சிறு மீன்கள் வெளியே பாயும். அவற்றுக்காகவே ஒரு கூன்முதுகுத் திமிங்கலமும் அதன் கன்றும் அங்கே வந்தன.

தாய் ஒருக்களித்துப் படுத்து, வலத் தாடையால் தரையை உரசித்தான் மீன்களைக் கிளப்பும். உரசி உரசி அந்தத் தாடை முழுக்கத் தழும்பு. கன்றோ எந்திரத்தின் பின்னால் வாயைத் திறந்துகொண்டு வரும். அதற்காகவே பூபதி கொஞ்சம் ஆழமாகக் கிளறுவான்.

"ஏனுங்க, செல்லம் சாப்புட்டாச்சா?" என்று மனைவி மேகலா சீண்டுவாள். "நான் நம்ம புள்ளைக்கு ஊட்டுனா மட்டும், தானா திங்கட்டும்னு திட்டுவீங்க!"

பிறகு தாய் ஒருநாள் பிரிந்து போய்விட்டது. கன்று எந்திரத்தோடு தங்கிவிட்டது.

இன்று வேலை முடிந்தது. கடலின் மேலே நின்ற கப்பல் எந்திரத்தை இழுக்கத் தொடங்கியது. திரையில் கன்றும் கூடவே ஏறி வந்தது.

"மீனெல்லாம் கீழதானுங்க இருக்குது? இது எதுக்கு மேல வருது?" என்றாள் மேகலா.

பூபதி திரையை உற்றுப் பார்த்தான். கேமராவுக்கு நெருக்கமாகத் தெரிந்த கன்றின் வலத் தாடையில் ஒரு கீறல்கூட இல்லை.

பயனில்லை என்று தெரிந்தும் கிளறும் பொத்தானை அழுத்தினான். வெறும் தண்ணீரில் சக்கரம் சுழன்றது. அந்தச் சத்தம் கேட்டதும் கன்று வாயை இன்னும் அகலமாகத் திறந்தது.