பேர் சுரண்டிய கார்டு

1972 ஜனவரி. சாந்தன்பாறை ஏலக்காட்டு மேட்டில், பட்டாளத்துக்கான புது வயர்லெஸ் பெட்டி ஊமையாகிக் கிடந்தது. சோதனைக்காக அதற்குள்ளிருந்த சர்க்யூட் கார்டு ஒன்றை மேஜர் மாரப்பனே பிடுங்கியிருந்தார்.

"அஞ்சு நிமிசத்துல பூப்பாறையில நிக்கற நம்ம ஆளுங்ககிட்டயிருந்து பதில் வரோணுங்க. இல்லீன்னா உங்க டிசைன் தள்ளுபடி" என்றவர், துணியில் சுற்றியிருந்த வேறொரு கார்டை நீட்டினார்.

பெட்டியை வடிவமைத்த கல்பாத்தி சுந்தரராமன் அதைத் திருப்பிப் பார்த்தார். கம்பெனிப் பெயர் சுரண்டப்பட்டிருந்தது.

"இது யார் பண்ணினது ஸார்?"

"யார் பண்ணுனா என்னங்க? எவன் செஞ்ச கார்டும் இதுல சேரும்னுதானே எழுதிக் குடுத்தீங்க?"

சுந்தரராமன் அதைப் பெட்டிக்குள் செருகினார். கார்டு பாதியில் சிக்கி நின்றது. மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு அழுத்து. கார்டு 'களுக்'கென்று உட்கார்ந்தது. அவர் பூப்பாறையைக் கூப்பிட்டதும் பெட்டி கரகரத்தது.

"பூப்பாறை பேசுது. தெளிவா கேக்குது, ஓவர்!"

சுந்தரராமன் துள்ளிவிட்டார். "பாத்தேளா! ஒரே கம்பெனியை நம்பி நம்ம பட்டாளம் தவிக்கப்படாதுன்னு, அளவெல்லாம் அச்சடிச்சு, கடுதாசி போட்டுக் கேட்டவாளுக்கெல்லாம் அனுப்பினேனாக்கும்!"

மேஜர் சிரிக்கவில்லை. "கேட்டவங்க பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களா?"

"ஆபீஸ்ல இருக்கு. ஏன் ஸார், இந்தக் கார்டு பண்ணினவாளுக்கு ஆர்டர் குடுக்கப் போறேளா?"

"இல்லீங்க. போன மாசம் முடிஞ்ச சண்டையில, எதிரிகிட்டப் பிடிச்ச வயர்லெஸ் பெட்டியிலிருந்து கழட்டுனதுங்க இது."