மிச்சத்தில் பாதி

கல்லூரி ஆய்வகத்தின் அலமாரியில் கதிர்வீச்சை அளக்கும் கவுன்ட்டர் ஒன்று இருந்தது. பக்கத்து ஈயப்பெட்டிக்குள் ஒரு கோபால்ட் வில்லை குடியிருந்தது. வந்த புதிதில் கோபால்ட் ஓயாத வாயாடி. அதன் அணுக்கள் சிதைந்து கதிர் வந்து படும்போதெல்லாம் கவுன்ட்டர் ‘டிக்’ என்று சொல்லியாக வேண்டும். “கொஞ்சம் மூச்சு விட விடேன்டா” என்று அது சலித்துக்கொள்ளும்.

ஏறக்குறைய ஐந்து வருடம் கழித்து அளந்தபோது பேச்சு சரிபாதியாகக் குறைந்திருந்தது.

“அஞ்சு வருஷத்துல பாதி போச்சு. இன்னொரு அஞ்சு வருஷத்துல மீதியும் தீர்ந்துடும். அப்புறம் நான் காத்தாட இருப்பேன்” என்றது ஈயப்பெட்டி.

கவுன்ட்டர் அதை அப்படியே நம்பிவிட்டது. பெட்டி மூடியே கிடந்த அந்த வருடங்களில் பழைய சளசளப்பை நினைத்து நினைத்து ஏங்கியது.

கெடு முடிந்த சமயத்தில் மாணவர்கள் பெட்டியைத் திறந்து, வில்லையைக் கவுன்ட்டரின் முன்னால் வைத்தார்கள். ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு ஒரு ‘டிக்’. சற்று இடைவெளி விட்டு இன்னொன்று.

“இருக்கியாடா?” என்றது கவுன்ட்டர்.

“இருக்கேண்ணே. போன தடவை மிச்சமிருந்ததுல பாதி இருக்கேன். இன்னும் அஞ்சு வருஷம் போனா, இதுல பாதி இருப்பேன்.”

“அப்ப எப்பத்தான்டா காலி பண்ணுவே?” என்றது பெட்டி.

“எந்த அணு எப்பக் கிளம்பும்னு எனக்கே தெரியாதே.”

கவுன்ட்டர் அடுத்த டிக்குக்காகக் காத்திருந்தது. “அவசரமில்லடா” என்றது, “மெதுவாவே பேசு.”