கராஜில் வெடித்த போத்தல்கள்

"ஆரோ சுடுறாங்கள்! பிள்ளை, யன்னலடிக்குப் போகாதை!"

சாப்பாட்டு மேசையிலிருந்து துள்ளி எழுந்த கதிர்காமநாதன், தங்கை வைதேகியின் கையைப் பிடித்து இழுத்தார். தங்கையையும் அவள் கணவன் சிறிதரனையும் பார்த்துவிட்டுப் போக, மெல்பேர்னிலிருந்து முதல்நாள்தான் சிட்னியின் டூங்கபிக்கு வந்திருந்தார்.

இன்னொரு வெடி. கூடவே கண்ணாடி நொறுங்கும் சத்தம்.

"துவக்கில்லை, அண்ணை," என்றான் சிறிதரன் மெதுவாக. "எங்கட கராஜுக்குள்ளதான். போத்தல்."

"என்ன போத்தல்?"

சிறிதரன் வைதேகியைப் பார்த்தான். வைதேகியின் முகம் வெளுத்துவிட்டது.

கதிர்காமநாதன் பின்கதவைத் திறந்துகொண்டு விறுவிறுவென்று நடந்தார். ஜனவரி வெயிலில் கராஜின் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தது. கதவைத் தள்ளியதும் புளித்த வாசம் முகத்தில் அடித்தது. மூலையில் மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளி. பக்கத்தில், பியர் காய்ச்சும் மால்ட் பாகு இருந்த வெறும் தகரப் பேணிகள். சுவரோரம் அடுக்கியிருந்த பியர் போத்தல்களில் சில உடைந்து, தரையெல்லாம் நுரை.

"வீட்டுக்குள்ளயே பியர் காய்ச்சுறியளோ?" அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "பொலிஸ் வராதோ?"

"வராது அண்ணை. எழுபத்து மூண்டில சட்டத்தை மாத்திப்போட்டாங்கள். வீட்டுப் பாவனைக்குக் காய்ச்சலாம்."

"சட்டம் கிடக்கட்டும். எவ்வளவு காலமா நடக்குது இந்தக் கூத்து?"

"போன குளிர்காலத்தில தொடங்கினது. முதல்முறை புளிச்சு வினாகிரியாப் போச்சுது. அடுத்தமுறை பொங்கி வழிஞ்சு, கழுவித் துடைக்கிறதுக்குள்ள போதும் போதும் எண்டாச்சு. ஆனா மூண்டாம்முறை பாருங்கோ, திறம்! பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் பாரி ஒரு கிளாஸ் குடிச்சுப்போட்டு, கடையில இப்பிடி ஒண்டு வாங்கேலாது எண்டவன்."

அவன் குரலில் இருந்த பெருமை கதிர்காமநாதனுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

"அப்பிடித் திறமெண்டா இப்ப ஏன் வெடிச்சது?"

சிறிதரன் தலையைச் சொறிந்தான். வைதேகிதான் வாயைத் திறந்தாள்.

"போத்தலில அடைக்கேக்கை போட்ட சீனி கூடிப்போச்சுது, அண்ணா. இந்த வெக்கையும் சேர்ந்திட்டுது."

"பார்! என்ர தங்கச்சிக்கு என்ன பாடம் படிப்பிச்சு வைச்சிருக்கிறீர்!" கதிர்காமநாதன் சிறிதரன் பக்கம் திரும்பினார். "யாழ்ப்பாணத்தில பெரிய வகுப்புகளுக்குக் கெமிஸ்ட்ரி படிப்பிச்சவள். இங்க வந்து வேலையுமில்லை, வெட்டியுமில்லை. இப்ப உம்மட குடிக்குக் கண்ணாடித் துண்டு கூட்டுறாள்."

"அண்ணா, அது வந்து..."

சிறிதரன் சட்டென்று அவளுக்கு முன்னால் வந்து நின்றான். "நீர் பேசாமல் இரும், வைதேகி. நான் கதைக்கிறன்."

"என்னத்தைக் கதைக்கப் போறீர்? இந்தச் சம்பந்தத்தைப் பேசினது நான். மாப்பிள்ளை தேத்தண்ணியைத் தவிர வேறொண்டும் தொடமாட்டார் எண்டு எங்கட ஐயாவுக்குச் சொன்னதும் நான். இனி அவரின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?" "பிள்ளை, உடுப்பை அடுக்கு. இண்டைக்கே என்னோட மெல்பேர்னுக்கு வா. நான் உன்னை இப்பிடி ஒரு ஆளிட்டை விட்டுட்டுப் போகமாட்டன்."

வைதேகி அழத் தொடங்கினாள். சிறிதரன் உண்மையிலேயே பயந்துபோனான். கதிர்காமநாதன் சொன்னால் செய்கிற மனிதர்.

"அண்ணை, அவளைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. நீங்கள் என்ன சொன்னாலும் கேக்கிறன்."

"அப்ப சத்தியம் பண்ணும்."

சிறிதரன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நல்லூர்க் கந்தன்மேல சத்தியமா, இனி என்ர சீவியத்தில நான் பியர் காய்ச்சமாட்டன். ஒரு சொட்டு வாயில வைக்கவும் மாட்டன்."

நல்லூர்க் கந்தன் பெயரைக் கேட்டதும் கதிர்காமநாதன் இளகிவிட்டார். பிறகு மைத்துனனின் தோளில் கை வைத்தார்.

"கோபத்தில கத்திப்போட்டன், சிறிதரன். மனசில வைக்காதையும். அந்நிய தேசத்தில ஆருமில்லாத பிள்ளை. பயம் வருமோ இல்லையோ?"

"வரும் அண்ணை. எனக்கு விளங்குது."

பின்னேரம் அவரை ரயில் ஏற்றிவிட்டுச் சிறிதரன் திரும்பி வந்தபோது, வைதேகி கராஜுக்குள் இருந்தாள். கண்ணாடியெல்லாம் கூட்டி முடித்திருந்தாள். பெரிய வாளியைக் கழுவி, வெளியே தூக்கிப் போக நின்றாள்.

"அண்ணா கோபத்தோடையே போறார்?"

"இல்லை, சந்தோஷமாப் போறார். நெஞ்சில இருந்த கல்லை இறக்கி வைச்ச மாதிரி இருக்காம். எனக்கும் அப்பிடித்தான்."

"இந்தச் சனியன் எல்லாத்தையும் எறியப் போறன். சாமிமேல சத்தியம் பண்ணுற அளவுக்கு வந்திட்டுதே."

சிறிதரன் அவள் கையிலிருந்த வாளியை வாங்கி, பழைய மூலையிலேயே கொண்டுபோய் வைத்தான்.

"சத்தியம் பண்ணினது நான்தானே? இவ்வளவு காலமும் காய்ச்சினது நீரெல்லோ! குடிக்கிறதுக்குப் பாரி இருக்கிறான். அடுத்தமுறை சீனியை மட்டும் கொஞ்சம் குறைச்சுப் போடும்."