யானையின் இன்னொரு காது

அக்காவின் வளையலில் தொங்கிக்கொண்டிருந்தது அந்த ஊக்கு. முந்தின நாள் சாயங்காலம் வசந்தன் தன் கையாலேயே யானையின் காதில் மாட்டி வைத்த ஊக்கு.

"இது எப்படிக்கா உங்க கைக்கு வந்துச்சு?"

"தரையில கெடந்துச்சு. புள்ள கால்ல ஏறிடுமேன்னு எடுத்து மாட்டினேன். அதுக்கு ஏன்டா இப்படி முறைக்கிற?"

வசந்தன் மேசையைப் பார்த்தான். சாம்பல் நிறக் கம்பளி யானைக்கு மறுபடியும் ஒற்றைக் காது. அவன் பின்னியிருந்த மற்ற காது முழுதாக அவிழ்ந்து, நூல் உருண்டையாகிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

கொக்கி ஊசிப் பின்னலில் இதுதான் தொல்லை. கடைசிக் கண்ணியைப் பிடித்து இழுத்தால் போதும், மொத்தமும் சரசரவென்று கையோடு வந்துவிடும். அதற்காகத்தான் வேலையை நிறுத்தும்போது அந்தக் கண்ணியில் ஊக்கு போடுவது.

இது முதல் தடவையும் இல்லை. முதலில் பூனையைச் சந்தேகப்பட்டான், பிறகு தன் கைப்பக்குவத்தை. பூனைக்கு ஊக்கைக் கழற்றத் தெரியாது.

பகாவ் பக்கத்துச் செம்பனை எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி வேலை அவனுக்கு. கொக்கி ஊசியைத் தொட்டதே மனைவி தர்மினி போன பிறகுதான். அவள் இருந்தவரை அவள் பின்னுவாள். நூலைச் சிக்கெடுத்துச் சுற்றித் தருவது ஆறு வயது இந்துஜாவின் வேலை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, காரில் ஏறும்போதும் மகளிடம் அந்த யானையைப் பற்றித்தான் பேசினாள்.

"ஒரு காதுதான்டா பாக்கி. அம்மா வந்து முடிச்சித் தர்றேன்."

அவள் சவப்பெட்டியில் வந்தாள். பிள்ளை பயந்துவிடும் என்று இந்துஜாவை எதிர்வீட்டு மாரியம்மாவிடம் விட்டு, கதவைச் சாத்தி வைத்தார்கள். எல்லாம் முடிந்து கூட்டிவந்த நாளிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. சிரம்பான் டாக்டர் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

வசந்தனுக்குத் தெரிந்த ஒரே மருந்து அந்தக் காதுதான். தர்மினி கொடுத்த வாக்கை அவனாவது காப்பாற்றிவிட்டால் பிள்ளை பேசிவிடுவாள். யூடியூபைப் பார்த்துப் பார்த்துப் பின்னினான். காது எப்படியோ வந்தது. ஓரத்தில் சிப்பி சிப்பியாக தர்மினி வைத்திருந்த லேஸ்தான் கைக்குப் படியவில்லை.

"ஞாயித்துக்கெழம நான் மம்பாவுல எங்க வீட்டுக்குக் கெளம்பறேன். இந்துவும் என்கூட வர்றா" என்றாள் அக்கா புனிதா. "அங்க இந்த மாதிரி புள்ளைங்களுக்குன்னே டீச்சருங்க இருக்காங்க லா."

"அவ என்கிட்டதான் இருப்பா."

"இருந்து? நீ பேசறதே ஒரு நாளைக்கு நாலு வார்த்த. அவளுக்கு அதுவும் இல்ல. ஊமைக்கு ஊமை தொணையா?"

"காது முடிஞ்சா பேசுவாக்கா."

"காதாம், காது! செத்தவங்க கைவேலைய அரகொறையா வீட்ல வெச்சிருந்தா இப்படித்தான். அன்னிக்கே பெட்டிக்குள்ள வெச்சி அனுப்பியிருக்கணும்."

"அதுக்குத்தான் பிரிச்சிப் போடுறீங்களா?"

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. ஊக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை வேலை விட்டு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நூலை எடுத்து மறுபடியும் தொடங்கினான். விரல் நுனி கன்றிப்போயிருந்தது. தப்பாகிற இடமெல்லாம் பிரித்துப் பிரித்துப் பின்னினான்.

இந்துஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் கையைவிட்டு அவள் கண் நகரவே இல்லை. காது வளர வளர இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். பிள்ளைக்கு எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்பிலேயே லேஸும் கைக்குப் படிந்தது. கடைசிச் சிப்பிகள் சில மட்டும் பாக்கி. விரல் மடங்க மறுத்ததும் ஊக்கு போட்டு, யானையை அலமாரி உச்சியில் வைத்தான்.

மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் பெயர்களைக் கூப்பிடும்போதே அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அக்கா கிளம்ப இன்னும் ஒரு நாள்தான். இன்றைக்கும் பிரித்துவிட்டால் அவ்வளவுதான். கங்காணி மண்டோரிடம் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தான். கையும் களவுமாகப் பிடித்து, இன்றைக்கே அக்காவை பஸ் ஏற்றிவிட வேண்டும்.

வீட்டு வாசலில் மீன் லோரி நின்றுகொண்டிருந்தது.

"இது மீனா? கருவாடாக்கி ஒரு வாரம் ஆச்சு போல இருக்கு. கண்ணப் பாரு!" மீன்காரனிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள் அக்கா. தம்பியைக் கண்டதும் மீனைக் கீழே போட்டாள். "என்னடா, இந்நேரத்துல?"

அவன் உள்ளே ஓடினான்.

அலமாரியை ஒட்டி நாற்காலி கிடந்தது. உச்சியில் யானை இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில், தரையில் உட்கார்ந்திருந்தாள் இந்துஜா. மடியில் யானை. லேஸ் முழுதும் போய்விட்டது, காதிலும் பாதி இல்லை. அவிழ்ந்து வரும் நூலை, அம்மா சொல்லிக்கொடுத்தபடி இரண்டு விரலில் வளைத்து, பொறுமையாக உருண்டையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வசந்தன் அவளுக்கு எதிரே அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இந்து... நீயாம்மா? ஏம்மா?"

யானையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். உதடு இரண்டு தடவை அசைந்தது. மூன்றாவது தடவை, கரகரத்துக்கொண்டு குரல் வந்தது.

"நீங்க முடிச்சிட்டா, அம்மா எதுக்குப்பா வருவாங்க?"