பின்சீட்டுப் பாரம்

"யோவ் எண்பது, காலையிலேருந்து பார்க்கறேன், வயித்துலேருந்து கையை எடு! நீ இப்ப மனுஷன் இல்லை, எடை. எடை எங்கேயாவது வயித்தைக் கட்டிப் பிடிச்சுக்குமா?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே திரும்பிக் கத்தியவர் மோட்டார் பத்திரிகையின் நிபுணர். திட்டு வாங்கியவன் வெள்ளை வண்டியின் பின்சீட்டில், இடது ஓரத்தில் இருந்தான். கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டான்.

சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. இரண்டும் ஸ்போர்ட்ஸ் செடான். பார்த்தால் நாலு கதவு வைத்த குடும்ப வண்டி. மிதித்தால் பந்தயக் குதிரை. எது வளைவில் சாயாமல் திரும்புகிறது, எது பள்ளத்தில் குலுங்காமல் இறங்குகிறது என்று சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்து நிபுணர் எழுதுவார். அவர் நல்லது என்று எழுதினால் விற்கும். இல்லையென்றால் செய்தவன் தலையில் துண்டுதான்.

காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பது சோதனையில் சேராது. மணல் மூட்டை ஏற்றினால் தோல் சீட்டு கிழிகிறது. அதனால் இரண்டு ஆட்களைப் பின்னால் உட்கார வைத்தார்கள். ஒருவன் எண்பது கிலோ. இன்னொருவன் அவன் மச்சினன், எழுபது கிலோ. பெயர் கேட்க யாருக்கும் நேரமில்லை. தினமும் காலையில் தராசில் ஏற்றி, நின்ற எண்ணைச் சொல்லியே கூப்பிட்டார்கள்.

எண்பது இருபத்திரண்டு வருஷம் மூட்டை தூக்கியவன். முதுகு விட்டுப்போச்சு. அந்தத் தலையில் இனி ஒரு மூட்டை ஏறாது. பாரம் சுமந்தவன் இப்போது பாரமாகவே இருந்து பிழைக்கிறான். இதுவும் போனால் வேறு போக்கிடம் இல்லை. நிபுணரோ போன வருஷம் இவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆடினாலும், பேசினாலும், எடை மாறினாலும் அவ்வளவுதான். சீட்டு கிழிஞ்சாக் கிழியட்டும், மறுநாளே மணல் மூட்டைதான்."

வெள்ளை வண்டி பள்ளத்தில் இறங்கியது. டொக்.

வளைவில் திரும்பியது. டொக், டொக்.

நிபுணர் காதைத் தீட்டிக்கொண்டார். "கேட்டீங்களா? இடது பக்கம், பின்னாடி."

பக்கத்தில் இருந்த பொறியாளருக்கு முகம் செத்துப்போனது. வெள்ளை வண்டி அவர் பெற்ற பிள்ளை மாதிரி. "சார், ஆயிரம் தடவை ஓட்டியிருக்கேன். இப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை."

"காலி வண்டியை ஓட்டியிருப்பீங்க. பாரம் ஏறினாத்தான் வண்டியோட யோக்கியதை தெரியும். காலையில சிவப்புல போனோமே, ஏதாவது கேட்டுச்சா?"

"ஸ்பிரிங்கு, ஷாக் அப்சார்பர் எல்லாம் நானே பார்த்துப் பார்த்துப் போட்டது சார்..."

"காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. சஸ்பென்ஷன் தளர்ந்து போயிருக்கு. இருபது வருஷக் காது இது, பொய் சொல்லாது."

மச்சினன் மெல்லச் சாய்ந்து கிசுகிசுத்தான். "மாமா, இது வண்டிச் சத்தமா, உங்க எலும்புச் சத்தமா?"

"வாயை மூடு மாப்ளே."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை இல்லை. எண்பதுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"சார், ஒரு வார்த்தை..."

"எடை பேசாது!" என்றார் நிபுணர்.

எண்பது ஜன்னல் பக்கம் திரும்பினான். மணல் மூட்டைகள் தளத்தின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிக் கிடந்தன.

கெஞ்சிக் கூத்தாடியதில் வெள்ளைக்குப் பத்து நாள் தவணை கிடைத்தது. அந்தப் பத்து நாளும் பொறியாளர் வீட்டுப் பக்கமே போகவில்லை. பின்பக்கத்தை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார். ஸ்பிரிங்கை மாற்றினார், ஷாக் அப்சார்பரை மாற்றினார், மாற்றியதையும் மாற்றினார். பழுது மட்டும் கண்ணில் படவில்லை.

பதினோராம் நாள் காலையில் தராசு எண்பது காட்டியது, எழுபது காட்டியது. நால்வரும் ஏறினார்கள்.

பள்ளம். சத்தமில்லை.

வளைவு. சத்தமில்லை.

நிபுணருக்கே நம்பிக்கை வராமல் இன்னும் வேகமாக மூன்று சுற்று விட்டார். மச்சினன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். வண்டி மட்டும் பூனை மாதிரிப் பதுங்கித் திரும்பியது.

"எழுதிக்கோங்க," என்றார் நிபுணர். "கையாள்றதுல இந்த வருஷம் இதுதான் முதல். சிவப்பு இதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது. எல்லாம் எதனால? என் காதால!"

"நீங்க சொல்லலைன்னா நான் கண்டுபிடிச்சே இருக்க மாட்டேன் சார்!" பொறியாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

நிபுணர் பின்னால் திரும்பினார். அன்று அவருக்கு எடையிடம்கூடப் பேசலாம் போலிருந்தது. "என்ன எண்பது, உனக்கே வித்தியாசம் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுங்க."

"பார்த்தீங்களா! பாமரனுக்கே தெரியுது."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து எண்பது கதவைத் தாழிட்டதும், அவன் மனைவி முதல் வேலையாகக் கேட்டாள்: "இன்னிக்காவது சத்தம் போடாம இருந்துச்சா?"

"மூச்சு விடலை," என்றவன், போன மாதக் காய்ச்சலில் கரைந்துபோன பத்துக் கிலோவுக்கு ஈடாக இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த இரும்புத் துண்டுகளை அவிழ்த்துத் தரையில் வைத்தான். ஒவ்வொரு துண்டுக்கும் அவள் பழைய கம்பளியைத் தனித்தனியாகச் சுற்றித் தைத்திருந்தாள்.