சத்தத்தைக் குறைங்க!

"உங்க வீட்டு பக்திப் பாட்டு மண்டையைப் பிளக்குது. வீட்டம்மாகிட்ட சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்க சார்!" வாசலிலேயே எகிறினார் குடியிருப்புச் செயலாளர்.

"சொன்னா அவளுக்குக் கேக்காதுங்க. காது போய் ரொம்ப வருஷமாச்சு" என்றார் கணவர்.

"கேக்காதவங்களுக்கு எதுக்குப் பாட்டு?"

கணவர் உள்ளே காட்டினார். ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்து, அதே சுவரில் உள்ளங்கையைப் பதித்தபடி நின்றிருந்தாள் மனைவி.

"பக்கத்து வீட்டம்மா படுத்த படுக்கை. வலியில துடிக்கும்போது பாட்டு கேட்டாத்தான் தெம்பு வருதாம். இன்னொண்ணு வேணும்னா சுவரைத் தட்டுவாங்க."

அப்போது அந்தப் பக்கமிருந்து தட்டினார்கள். உள்ளங்கையில் அதை உணர்ந்த மனைவி, முகம் மலர அடுத்த பாட்டைப் போட்டாள்.

செயலாளரின் குரல் தாழ்ந்தது.

"சத்தம் அவங்களுக்குப் போதுமான்னு கேட்டுக்கங்க சார். புகார் வந்தா நான் பாத்துக்கறேன்."